மூன்று கிராப்பு

"தலைய ஆட்டாதீங்க. காது போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

வாணி சொன்னதும் மருதமுத்து அசையாமல் உட்கார்ந்துகொண்டார். சமையலறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தைச் சுற்றிப் பழைய கைலி. மனைவியின் கையில் துணி வெட்டும் கத்தரி. முடி வெட்டச் சொல்லித்தரும் வீடியோவைக் கைப்பேசியில் காட்டியபடி மகள் தேவிஸ்ரீ பக்கத்தில் நின்றாள்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மலாக்காவை ஒட்டிய கிளேபாங்கில் சாலையோரக் கடைகள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. மருதமுத்துவுக்கும் வேலை இல்லை. முடி காதை மூடி, சட்டைக் காலரில் இறங்கிவிட்டது. கடை திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வெயில் புழுக்கத்தில் அவர் ஓயாமல் பிடரியைச் சொறிவதைப் பார்க்கப் பொறுக்காமல் வாணிதான் கத்தரியை எடுத்தாள்.

பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் முகத்தை எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துத் தேவிஸ்ரீ பின்னால் போய்ப் பார்த்தாள்.

"அம்மா, மாடு மேஞ்ச மாதிரி இருக்கு."

வாணியின் முகம் சுருங்கிப்போனது. மகள் இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து முன்னும் பின்னும் பிடித்தாள். பிடரியில் படிக்கட்டு மாதிரி மூன்று தட்டு. மருதமுத்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு லா. மூணு வாரம் கழிச்சு மறுபடி வெட்டிவிடு."

அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவதே அபூர்வம். அவர் காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை வேலை இன்னும் அதிகம். அவருக்கு ஓய்வு கிடைக்கிற செவ்வாய்க்கிழமையில் மகள் பள்ளியில் இருப்பாள், வாணி தொழிற்சாலையில் இருப்பாள். இப்போது மூவரும் ஒன்றாக அடுப்படியில் நின்றார்கள். மருதமுத்து சுட்ட முதல் தோசை கல்லைவிட்டு வரவே மாட்டேன் என்றது. நாலு நாள் கழித்து அவர் சுட்டதை மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பேச்சு என்றால் முடி வெட்டுகிற நாளில்தான். இரண்டாவது தடவை வெட்டும்போது, கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதை வாணி சொன்னாள். இருபது வருடத்தில் அவர் கேட்டிராத செய்தி. நாளைக்கே ஆரம்பிக்கலாமே என்றார். போலீஸ் பிடிப்பான் என்று அவள் சிரித்தாள். அவர் தலையின் பின்பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அவளும் அன்றுதான் கண்டாள். சின்ன வயதில் எஸ்டேட் கால்வாயில் சைக்கிளோடு விழுந்தது என்றார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை விரலால் தடவினாள்.

பேச்சு சுவாரசியத்தில் ஒரு பக்கக் கிருதா மேலே ஏறிவிட்டது, மறுபக்கம் கீழே நின்றுவிட்டது. அதற்கும் அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

மூன்றாவது கிராப்பு ஜூன் ஒன்பதாம் தேதி. அன்று வீடியோ தேவைப்படவில்லை. வெட்டுக்கு வெட்டு அவர் முகத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. பிடரி வழவழவென்று வந்தது. இடது காதுக்கு மேல் மட்டும் கத்தரி முடியைக் கொஞ்சம் கடித்துவிட்டது.

"நாளைக்குத்தான் கடையெல்லாம் திறக்கச் சொல்லிட்டாங்களே. நல்லாத் தெரிஞ்ச ஆள் யார்கிட்டயாவது சரி பண்ணிக்குங்க" என்றவள், சற்றுத் தயங்கினாள். "அதுவரைக்கும் தொப்பி போட்டுக்குங்க. பாக்கிறவங்க சிரிப்பாங்க."

அவர் தொப்பி போடவில்லை. மறுநாள் காலை தலையைப் படிய வாரி, முகக்கவரி மாட்டிக்கொண்டு, மலாக்கா பட்டணத்துக்கு மோட்டாரில் கிளம்பினார்.

கடை வாசலில் ஏழெட்டுப் பேர், கழுத்து வரை வளர்ந்த முடியோடு, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக நின்றவர் பலகாலம் பழகிய தம்புசாமி. மருதமுத்துவின் தலையைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"யாருங்க வெட்டுனது?"

"வீட்டுல."

"காதுகிட்ட கடிச்சி வச்சிருக்காங்களே. வெட்டும்போது நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா அப்புறம் வெட்ட மாட்டா" என்றபடி மருதமுத்து குனிந்து, 'மருதமுத்து முடிதிருத்தும் நிலையம்' என்ற பலகைக்குக் கீழே மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த இரும்புக் கதவைத் தூக்கித் திறந்தார்.