வாங்கலாமா என்கிறான் அண்ணன்

நண்பகல் வெயில் சிப் தொழிற்சாலையின் கேன்டீன் மேசைகளில் கண்கூச விழுகிறது. தலையுறையை இப்போதுதான் கழற்றிய டெக்னீஷியன் பெண்ணின் நெற்றியில் எலாஸ்டிக் பதிந்த கோடு இன்னும் சிவந்திருக்கிறது. ஒரு கை ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்க, மறு கை போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. சுவர் டிவியில் அவளுடைய கம்பெனியின் பங்கு விலை பச்சைக் கோடாக ஏறுகிறது. "மூணு நாளா ஏறிட்டே இருக்கும்மா. இன்னிக்கு வாங்கி வெள்ளிக்கிழமை வித்துட்டா நாலு காசு பாக்கலாம். உள்ள இருக்கிறவ நீதான சொல்லணும், வாங்கலாமா?" என்கிறான் அண்ணன். அவள் எதிர்வரிசையைப் பார்க்கிறாள். போன வாரம் வரை இடம்பிடிக்க அடித்துக்கொண்ட நாற்காலிகளில் பாதி காலி. உள்ளே நாலு மெஷின்கள் பிளாஸ்டிக் உறைக்குள் ஓசையில்லாமல் நிற்கின்றன. அதை வெளியே மூச்சுவிடக் கூடாதென்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "வேண்டாம்ணா." "ஏன், என்ன விஷயம்?" "ஒண்ணும் கேக்காத. விட்டுடு." அண்ணன் தணிந்த குரலில், "அப்போ உன் வேலை?" என்கிறான். அவள் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்கிறாள். "தெரியலண்ணா." இத்தனை நாளாகத் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாததை, வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.