பழக்க வேண்டிய பேட்

ஜாய்சி டீச்சர் கையில் எடுத்தது அலுமினிய பேட். பக்கத்தில் நின்ற அவள் புருசன் ரெக்சனுக்கு அது பிடிக்கவில்லை.

"இதே போதும். இன்னைக்கு வாங்கி நாளைக்கே அடிச்சிரலாம்" என்றாள்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த விளையாட்டுச் சாமான் கடையில் தரையிலிருந்து கூரைவரை கிரிக்கெட்தான். சாஃப்ட்பால் பேட் கேட்டு வருகிறவர்கள் வருசத்துக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஜாய்சி ஒருத்தி. அதனால் கடைக்காரர் பெருமாள்ராஜ் அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஏழெட்டு பேட்டைக் கண்ணாடி மேசைமேல் பரப்பியிருந்தார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலேஜ் மைதானத்தில் பழைய மாணவிகள் ஆட்டம். ஸ்லோ பிட்ச். கையைத் தாழ வீசி, பந்தை மேலே வளைத்துப் பைய எறிவார்கள். நாற்பதைத் தாண்டிய முட்டிகளுக்கு அதுதான் தோது. ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடி விளாசியவள், ஒப்புக்கு ஆடும் இந்த ஆட்டத்துக்கே நாலு நாளாக வேறு பேச்சில்லாமல் திரிகிறாள்.

ரெக்சன் காம்போசிட் பேட்டை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

கூத்தங்குழியில் பைபர் மீன்பிடி வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிறவன் அவன். தட்டினால் போதும், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இந்த பேட்டும் பைபர்தான். பேட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றாலும் பேச்சு என்னவோ அவனே செய்து கொண்டுவந்த மாதிரி இருந்தது.

"இதை எடுட்டி. கை அதிராது. பந்து பட்டதே தெரியாது."

கடைக்காரருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் உண்டு. "நல்ல பேட்தான் டீச்சர். ஆனா வாங்குன உடனே அடி விழாது. முந்நூறு பந்தாவது அடிச்சுப் பழக்கணும். ஒவ்வொரு அடிக்கும் பேட்டைக் கொஞ்சம் திருப்பிக்கிடணும். வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் ஆடுதவங்களுக்கு மூணு மாசம் ஆவும். பெறவு பாருங்க, பந்து பறக்கும்."

மூணு மாசம்.

போன மாதம் டாக்டரும் அதே கணக்கைத்தான் சொன்னார். ஜாய்சியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, ரெக்சனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். நம்மூரில் நோய் ஒருவருக்கு, செய்தி இன்னொருவருக்கு.

வெளியே வந்து, குடலில் புண்ணாம், மாத்திரையிலேயே ஆறிவிடுமாம் என்றான். அவள் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வேலைதான், அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. அவள் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பான். பிறகு கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் புகுந்து, வேலை பார்க்கிற சாக்கில் அழுவான்.

நாளைக்கே அடிக்கிற பேட் கூடவே கூடாது. மூன்று மாதம் கழித்துப் பறக்கப்போகிற பேட்டை அவள் கையில் கொடுத்துவிட்டால், தான் இருக்கப்போகிறோம் என்று நம்புவாள். அவள் நம்பினால் அவனும் கொஞ்சம் நம்பிக்கொள்ளலாம்.

"மூணு மாசம் என்ன, ஆறு மாசம்கூட ஆவட்டும். அடுத்த வருசமும் ஆட்டம் உண்டும்லா" என்றான். குரல் தேவைக்கு மேலே ஏறிவிட்டது.

ஜாய்சி அவனைப் பார்த்தாள். கால் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது.

பிறகு அலுமினியத்தைக் கீழே வைத்தாள்.

காம்போசிட்டில் முப்பது அவுன்ஸை எடுத்து ஒரு வீசு வீசினாள். வளையல் முழங்கை வரைக்கும் போய்த் திரும்பியது. அதை வைத்துவிட்டு இருபத்தெட்டை எடுத்தாள். அதுவும் கனத்தது. இருபத்தாறு அவுன்ஸ் கையில் நின்றது. முன்பெல்லாம் முனை கனத்த பேட்டாகத் தேடி எடுக்கிறவள்.

"சரி, இதையே எடுப்போம்" என்றாள்.

ரெக்சன் ஜெயித்துவிட்டான். நம்பிவிட்டாள். கேரம் போர்டு விலை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெருமாள்ராஜ் அண்ணாச்சி இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். ஒரு வருசம் வாரண்டி. அதற்குள் விரிசல் விட்டால் பேட்டையும் அட்டையையும் கொண்டுவந்தால் போதும், புதுசு மாற்றித் தருவார்கள்.

"ஆடுதவங்க பேரு போடணும். டீச்சர் பேருதான?" என்று பேனாவைத் திறந்தார்.

ஜாய்சி பேட்டை உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இவுக பேரை எழுதுங்க அண்ணாச்சி. விரிசல் விட்டுச்சுன்னா இவுகதான கொண்டாரணும்."

அண்ணாச்சி ரெக்சனிடம் பேரைக் கேட்டார். அவன் மறுபடியும் கேரம் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளே சொன்னாள்.