வலைப்பூவுக்கு ஏற்ற வைதேகி

வைதேகியின் சமையல் வலைப்பூவில் எப்போதும் சிரிப்புதான். இறந்துபோன மகன் முகிலனைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. படிக்கிறவர்கள் மனசு கனத்துப்போகுமாம். அரசு எல்லோருக்கும் நடத்தும் வருடாந்திர ஆளுமைச் சோதனையில், ஆளும் வலைப்பூவும் பொருந்தவில்லை என்று வந்தது.

“ரெண்டுல ஒண்ணைத் திருத்தணும் சார்,” என்று அவள் கணவன் தணிகாசலத்திடம் சொன்னார் அலுவலர். “வலைப்பூவை லட்சம் பேர் படிக்கிறாங்க. மேடத்தையே திருத்திடலாமே?”

அவள் அழுது அழுது உருக்குலைந்ததைத் தினமும் பார்த்த தணிகாசலம், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான்.

திருத்தம் முடிந்து அவள் வீடு திரும்பிய வாரத்திலேயே மகனின் திதி வந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாயசம் கிளறினாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டே எத்தனை காலமாயிற்று. தணிகாசலம் இலை போட்டான்.

“முதல்ல முகிலனுக்கு வை.”

“வைக்கிறேங்க,” என்று சிரித்தாள். “அவருக்கு இனிப்பு தூக்கலா இருந்தா பிடிக்குமா?”