விசாரிக்க வந்தவர்

"சுடலைமுத்து மகள் மஞ்சுஷா எப்படிப்பட்ட பொண்ணும்மா?"

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குக்கு எதிரே சாயா ஆற்றிக்கொண்டிருந்த சரோஜம்மா சட்டென்று நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கக்கத்தில் தோல் பை. ஆள் வந்தே விட்டார்!

"உட்காருங்க சார். நீங்க யாரு, எதுக்கு வந்தீங்கன்னு சொல்லவே வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும்."

"நல்லதாப் போச்சு. வெளிய தெரியாம விசாரிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார் அவர்.

வக்கீல் சங்கத்தில் தமிழ் பேசுகிறவர்கூட இருக்கிறாரே என்று சரோஜம்மாவுக்கு ஏக சந்தோஷம். மஞ்சுஷா பத்து நாளாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எர்ணாகுளம் வக்கீல் சங்கத்தில் அவளைப் போன்ற இளம் வக்கீல்களுக்கு ஒரு ஸ்காலர்ஷிப். சந்தா, நூலகம், டெல்லி மாநாட்டுக்குப் போய்வரும் செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

"சங்கத்துல பாதிப் பேரு வக்கீல் வீட்டுப் பிள்ளைங்க அத்தை. நம்மள மாதிரி வீட்டுலருந்தும் ஆளு வரணும்னு இப்பத்தான் அவங்களுக்குத் தோணியிருக்கு. யாராவது வந்து விசாரிச்சா நல்லவ, வல்லவன்னு அளந்து விட்டுடாதீங்க. கஷ்டத்தைச் சொல்லுங்க. முக்கியமா, நான் எந்தக் காலத்துலயும் கோர்ட்டை விடமாட்டேன்னு சொல்லுங்க. பாதியில விட்டுட்டுப் போறவளுக்கு யாரு குடுப்பா?" என்றிருந்தாள் மஞ்சுஷா.

இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். அவளுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"வீட்டுல வசதி எப்படி?" என்றார் வந்தவர்.

"என்னத்தச் சொல்ல சார்! அப்பனுக்கு கார்ப்பரேஷன்ல சாக்கடை ஓடை வாருற வேலை. மழை பெஞ்சா வீட்டுக்குள்ள பாத்திரம் வைக்கணும். குந்துமணித் தங்கம் கிடையாது கேட்டோ."

வந்தவர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸைக் கீழே இறக்கினார். சரியான இடத்தில்தான் தொட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள் சரோஜம்மா.

"பொண்ணு குணம்? அடக்கமான பொண்ணுதானே?"

"அடக்கமா? சொந்தத் தாய்மாமன் மேலயே கேஸ் போட்டவ சார்! மாமிக்கு ஜீவனாம்சம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் ஓய்ஞ்சா."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சமையல்... வீட்டு வேலை எல்லாம்?"

சரோஜம்மா குழம்பிப்போனாள். வக்கீலுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்? டெல்லியில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்களோ என்னவோ. எதற்கும் கஷ்டத்தையே சொல்வோம் என்று முடிவு செய்தாள்.

"கப்பைக்கிழங்கை அடுப்புல வச்சா அடிப்பிடிக்க விட்டுட்டு கேஸ் கட்டைப் படிச்சிட்டிருப்பா சார்."

"சரி... கல்யாணம்னு ஒண்ணு ஆனா, வேலையை விட்டுடுவா இல்லையா?"

இதற்காகத்தானே இத்தனை நேரம் காத்திருந்தாள்! சரோஜம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கட்டின புருஷனை விட்டாலும் விடுவா, கோர்ட்டை விடமாட்டா!"

அவர் எழுந்துவிட்டார். பாதி சாயா அப்படியே இருந்தது. சரோஜம்மாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் சொன்னோமே, இவர் முகம் ஏன் இப்படிச் செத்துப்போனது? கஷ்டம் போதவில்லையோ?

"சார், கக்கூஸ்கூடத் தெருவுக்கே பொதுதான்!" என்று பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சுஷாவின் அம்மா செல்வலட்சுமி மூச்சுவாங்க வந்து நின்றாள்.

"சரோஜாக்கா, எர்ணாகுளம் பிராட்வே பாத்திரக்கடை செல்லதுரை இங்க வந்தாரா? அவரு மகன் கோவிந்துக்கு நம்ம மஞ்சுவைக் கேட்டிருக்காங்க. பொண்ணு கோர்ட்டுக்குப் போக வேண்டாம், கல்லாவுல உட்கார்ந்தா போதும்னாங்க. மஞ்சு அப்பாவும் தலையாட்டிட்டாரு. செல்லதுரைதான் தெருவுல ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுத் தேதி சொல்றேன்னாராம்."

சரோஜம்மா பாதி சாயா இருந்த கிளாஸை அவசரமாகக் கழுவினாள். "தெரியலையே தங்கச்சி..." என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டு, அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மஞ்சுஷா கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி படகுத்துறையிலிருந்து நடந்து வந்தாள். சரோஜம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மோளே, நான் பாவி! மாப்பிள்ளை வீட்டுக்காரரை உங்க சங்கத்து ஆளுன்னு நினைச்சு எல்லாத்தையும் கொட்டிட்டேன்!"

"தாய்மாமன் கேஸு?"

"சொன்னேன்."

"கோர்ட்டை விடமாட்டேன்னு?"

"புருஷனை விட்டாலும் விடுவான்னு சேர்த்துச் சொல்லிட்டேன் மோளே! உங்க அப்பன் குடுத்த வாக்கு என்னாகும்?"

"அப்பா வாக்கு அப்படியேதான் இருக்கு அத்தை. வேண்டாம்னு சொல்லப்போறது அவங்கதானே?"

சரோஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பெண் ஏன் அழாமல் நிற்கிறாள் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. "இனிமே நிஜமாவே உங்க சங்கத்து ஆளு வந்தாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

மஞ்சுஷா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க. ஸ்காலர்ஷிப் போன மாசமே கிடைச்சாச்சு அத்தை. தெருவுல வந்து விசாரிக்கிற வழக்கமெல்லாம் வக்கீல் சங்கத்துக்குக் கிடையாது, மாப்பிள்ளை வீட்டுக்குத்தான்!"