பறிபோன குரல்

மட்டாட்டு எனும் பயணிகள் வேன் கவிழ்ந்து தொண்டையில் அடிபட்ட தேவாலயப் பாடகன் ஒலுவோச், குரல் போனதற்கு இழப்பீடு கேட்டு கிசுமு கோர்ட்டில் நின்றான்.

"நீங்களே கேளுங்க ஐயா," என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு, அவனுடைய வக்கீல் அவனைப் பாடச் சொன்னார்.

பாடினான். குமாஸ்தா காதைப் பொத்திக்கொண்டார். நீதிபதியே நெளிந்தார். வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து, தங்கள் தரப்புச் சாட்சியான பாஸ்டரைக் கூண்டில் ஏற்றினார்.

"விபத்துக்கு முன்னாடி இவர் எப்படிப் பாடுவார்?"

பாஸ்டர் ஒலுவோச்சை ஒருமுறை பார்த்தார். "இதே மாதிரிதாங்க."

ஆஸ்பத்திரிச் செலவும் பட்ட வலிக்கான தொகையும் கிடைத்தன. குரலுக்குச் சல்லிக்காசு இல்லை.

வெளியே வந்ததும் ஒலுவோச்சுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்னமோ குயில்னு நெனச்சிட்டிருந்தேன். பதினாலு வருஷமா 'அருமை, அருமை'ன்னீங்களே பாஸ்டர்?"

"அப்பல்லாம் யாரும் என்கிட்ட சத்தியம் வாங்கலையே தம்பி!"