மூன்றாவது வளைவு

“மெதுவா டாக்டர்!” என்று அலறினார், மலைப்பாதையில் சைக்கிளோடு உருண்டு காலை முறித்துக்கொண்டு வந்தவர்.

மாவுக்கட்டைச் சுற்றியபடியே டாக்டர் பொரிந்து தள்ளினார்.

“மூணாவது வளைவுதானே? இந்த மாசம் நீங்க ஏழாவது ஆள். எல்லாரும் அந்தப் பத்திரிகை விமர்சனத்தை நம்பி வந்தவங்க. ‘வெண்ணெய் போன்ற பாதை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். ஐந்து நட்சத்திரம்’னு எழுதியிருக்கான் படுபாவி!”

நோயாளி கூரையைப் பார்த்தார்.

“அங்கே இருக்கிறது பூரா பாறை. அவன் மட்டும் கையில கிடைச்சா, மயக்க மருந்து இல்லாமலே எலும்பைச் சேர்ப்பேன். எழுதினவன் ஒரு தடவையாவது அதுல ஓட்டிப் பார்த்திருப்பானா, நீங்களே சொல்லுங்க?”

“இன்னிக்குத்தான் ஓட்டிப் பார்த்தேன் டாக்டர்,” என்றார் நோயாளி ஈனஸ்வரத்தில். “பத்திரிகை ஆசிரியர் பாதையோட போட்டோ கேட்டுட்டார்.”