பஜ்ஜியைத் தின்ற ஜே

விசைப்பலகையின் மூலையில் எஸ்கேப் இருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கட்டளை கொடுக்கும் நிலைக்கு மாறுவதற்குப் பூங்கோதை அதைத்தான் தட்டுவாள். அவ்வளவு தூரம் விரலை நீட்ட அலுத்துப்போய், ஒருநாள் தான் எழுதும் எடிட்டர் மென்பொருளின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தாள். அதன்பின் ஜேயை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினாலே எஸ்கேப்பைத் தட்டிய மாதிரி.

ஜேவுக்குத் தலைகால் புரியவில்லை. "எழுத்தும் நான்தான், எஸ்கேப்பும் நான்தான்!" என்று பக்கத்திலிருந்த எழுத்துகளிடம் பீற்றிக்கொண்டது.

மறுநாள் பூங்கோதை ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, டீக்கடை ஒன்றுக்கு விளம்பரம் எழுதினாள். வடை வந்தது. போண்டா வந்தது. பஜ்ஜி மட்டும் 'ப' என்று நின்றுவிட்டது. எத்தனை தரம் அடித்தாலும் அதே 'ப'தான்.

"இந்த ஜே போயிடுச்சு போல. பிடுங்கிட வேண்டியதுதான்" என்று இடுக்கியை எடுத்தாள்.

ஜே நடுங்கியது. "எஸ்கேப் அண்ணே, நான் ஒழுங்காத்தானே அழுந்துறேன்?"

"ஒழுங்காத்தான் அழுந்துற. ஆனா பஜ்ஜியில நீ ரெண்டு தரம் வர்றியேடா!"

இடுக்கி ஜேயின் தலையைத் தொட்டது. ஏதோ தோன்றி, பூங்கோதை கடைசியாக 'ராஜா' என்று அடித்துப் பார்த்தாள். ராஜா முழுசாக வந்தார்.

"ஒரு ஜே வருது, ரெண்டு வந்தாத்தான்... அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சேர்த்த வரியை அழித்தாள். பஜ்ஜி முழுசாக வந்து உட்கார்ந்தது.

அடுத்த நொடி அவள் சுண்டுவிரல் எஸ்கேப்பின் தலையில் 'டொக்'கென்று விழுந்தது.

"உங்க பதவி உங்களுக்கே வந்துடுச்சு அண்ணே" என்றது ஜே. "அப்பாடா! எனக்குப் பஜ்ஜி போதும்."